கம்பெனி தள்ளாடுகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது: ஒரு எம்.டி.யின் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்

திருப்பூரிலிருந்து வந்திருக்கும் நீண்ட கடிதம் இது. எழுதியவர் யாரென்று தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 47 வயது. அப்பா 1996-இல் வாடகை ஷெட்டில் தொடங்கிய பனியன் கம்பெனியை 2011-இல் பிரைவேட் லிமிடெட் ஆக்கி, எம்.டி.யாக நடத்திவருகிறார். மனைவி இன்னொரு டைரக்டர். ஆடிட்டர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. 160 தொழிலாளர்கள். வங்கியில் 5 கோடி ரூபாய் நடைமுறை மூலதனக் கடனும் 1.2 கோடி ரூபாய் டெர்ம் லோனும் இருக்கின்றன. இவர், மனைவி, 74 வயது அப்பா மூவரும் பெர்சனல் கியாரண்டி கொடுத்திருக்கிறார்கள். அப்பா கட்டிய வீட்டின் பத்திரம் வங்கியில் இருக்கிறது.

ஆர்டரில் பாதிக்கு மேல் ஒரே அமெரிக்க பையருடையது. இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்த பையர் விலையைக் குறைக்கச் சொன்னார். ஆர்டர் கை விட்டுப் போய்விடக் கூடாதென்று இவரும் குறைத்தார். அன்று விழுந்த பள்ளம் இன்னும் மூடவில்லை. உள்நாட்டு பிராண்டு ஒன்றிடமிருந்து 70 லட்சம் ரூபாய் ஐந்து மாதமாக வரவில்லை. டெர்ம் லோன் தவணை 40 நாள் பாக்கி. இரண்டு மாத பி.எஃப். பிடித்தமும் கட்டப்படவில்லை. மூன்று ரூபாய் வட்டிக்குத் தன் பெயரில் 40 லட்சம் வாங்கிக் கம்பெனியில் போட்டிருக்கிறார். அதற்குத் தொகை எழுதாத காசோலைகள் கைமாறியிருக்கின்றன.

இதில் எதுவும் வீட்டில் தெரியாது. ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறார். பிரைவேட் லிமிடெட் என்பதால் வீடு தப்பிக்குமா? தன் பெயரில் உள்ள இரண்டு ஏக்கர் நிலத்தை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதலாமா? ஃபேக்டரி மேனேஜரை டைரக்டராக்கிவிட்டு ராஜினாமா செய்யலாமா? சில மெஷின்களை விற்று முதலில் மச்சானின் 25 லட்சத்தைத் திருப்பிவிடலாமா? பி.எஃப். கொஞ்சம் காத்திருக்குமா?

கடைசிப் பக்கத்தில், தூக்கம் போய் மாதக்கணக்காகிறது, நெஞ்சை அடைக்கிறது, "நான் இல்லையென்றால் இன்சூரன்ஸ் பணமாவது வரும் என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

சட்டத்துக்கு முன்னால்

ஐயா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இல்லாமல் போனால் கடன் தீராது. உங்கள் மனைவியும் அப்பாவும் கியாரண்டி போட்டவர்கள். வங்கி மறுநாளே அவர்கள் இருவர் பக்கம் திரும்பும். அப்போது கணக்கு தெரிந்தவர், பையரிடம் பேசத் தெரிந்தவர், எந்தப் பார்ட்டிக்கு எவ்வளவு என்று சொல்லக்கூடியவர் யாரும் வீட்டில் இருக்கமாட்டார். ஒரு வழக்கறிஞராக என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இதைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. அந்த எண்ணம் மறுபடி வரும் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். நெஞ்சடைப்பை டென்ஷன் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இந்தப் பதிலின் மீதிப் பகுதியை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு எத்தனையோ கவலைகள். ஒரே பையரை நம்பியிருப்பது, வர வேண்டியது வராமல் சம்பளத் தேதி வந்துவிடுவது, நூல் விலை, ஆள் பற்றாக்குறை. இவையெல்லாம் எல்லோருக்கும் உள்ளவை. சங்கத்தில் உட்கார்ந்து பேசவும் முடியும். யாரிடமும் பேச முடியாத கவலை இன்னொன்று இருக்கிறது. கம்பெனியின் உண்மை நிலை தனக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் அது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோரைச் சிக்கலில் மாட்டிவிட்டது நஷ்டம் அல்ல. நஷ்டத்தை மறைக்க எடுத்த நடவடிக்கைகள்தான். வியாபாரத்தில் நஷ்டப்படுவதை நம் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. நஷ்டம் தெரிந்த பிறகு யாருக்கு எதைச் சொன்னீர்கள், யாருக்கு முதலில் பணம் கொடுத்தீர்கள் என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறது. உங்கள் ஐந்து கேள்விகளுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

பிரைவேட் லிமிடெட் என்ற நம்பிக்கை

கம்பெனியின் கடன் கம்பெனியோடு நிற்கும் என்பது பொது விதி. நீங்கள் மூவரும் கியாரண்டி பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்றே, வங்கிக் கடனைப் பொறுத்தவரை அந்த விதி உங்களுக்குப் பயன்படாமல் போய்விட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, கியாரண்டி போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் கம்பெனியிடம் வசூலித்துவிட்டுப் பிறகு எங்களிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. கம்பெனிகளுக்குக் கொடுத்த தனிநபர் கியாரண்டி மீது திவால் சட்டப்படி நேரடியாக நடவடிக்கை எடுக்கும் விதிகள் 2019 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தன. 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்றது. கம்பெனியின் கடனுக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஒப்புதலாகிவிட்டாலும் கியாரண்டி போட்டவர் தானாக விடுபடமாட்டார் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

உங்கள் மனைவியைப் பற்றி இரண்டு விஷயம். காசோலை வழக்குகளில், நிறுவனத்தின் அன்றாட நடத்தைக்குப் பொறுப்பானவர்தான் மாட்டுவார், டைரக்டர் என்ற பெயர் மட்டும் போதாது என்று 2005-இலேயே எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிகல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆடிட்டர் காட்டிய தாள்களில் மட்டும் கையெழுத்துப் போட்ட மனைவிக்கு அங்கே வலுவான பாதுகாப்பு உண்டு. எம்.டி.யான உங்களுக்கு அது கிடையாது. ஆனால் கியாரண்டியில் அவரும் உங்களுக்குச் சமமாகவே நிற்கிறார். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாரே, அந்தக் காகிதக் கட்டில் இதுவும் இருந்தது. இது அவருக்குத் தெரியுமா என்பதுகூட உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை.

நிலம், ராஜினாமா, மச்சான்

நிலத்தை மனைவி பெயருக்கு எழுதுவதில் முதல் சிக்கல் கண்ணெதிரே இருக்கிறது. அவரும் கியாரண்டி போட்டவர் என்றால், அவர் பெயருக்கு மாற்றி எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்? அப்படியே அவர் கியாரண்டி போடாதவராக இருந்தாலும், கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த சொத்து மாற்றத்தைக் கடன் கொடுத்தவர் கேட்டால் நீதிமன்றம் செல்லாததாக்கலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. தவணை 40 நாள் பாக்கியிருக்கும்போது பதிவு செய்யும் செட்டில்மென்ட், உங்கள் நோக்கத்துக்கு நீங்களே பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் சாட்சியமாகிவிடும். அந்த நிலத்தை வங்கியிடம் பேசும்போது உங்கள் பலமாகப் பயன்படுத்த முடியும். நியாயமான விலைக்கு விற்றுக் கம்பெனியில் போடுவதா, அப்படியே வைத்திருப்பதா என்பதைக் கணக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஒளித்து வைத்த பிறகு அந்த வாய்ப்பு இருக்காது.

ராஜினாமா செய்தாலும் நீங்கள் பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு போகாது. கம்பெனிச் சட்டத்தின் 168-ஆவது பிரிவு அதை நேரடியாகவே சொல்கிறது. கியாரண்டியும் அசையாது. மேனேஜர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர், எம்.டி. சொன்னால் மறுக்கத் தெரியாதவர். அவரைக் கடனுக்கு நடுவே டைரக்டராக்கி நிறுத்துவது அவர் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மச்சானுக்குத் திருப்பிக் கொடுக்க நினைப்பதில் உங்கள் நல்ல மனம் தெரிகிறது. தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மெஷின்கள் வங்கிக்கு ஹைபாதிகேஷன் ஆனவை, அதாவது கம்பெனியிடமே இருந்தாலும் கடனுக்கு ஈடாக வைத்தவை. வங்கியின் அனுமதி இல்லாமல் விற்றால் உங்களை 'வில்ஃபுல் டிஃபால்டர்', அதாவது வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் பட்டியலில் சேர்க்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் கொடுக்கிறது. 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன் என்றாலே அந்த விதி பொருந்தும். அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் எந்த வங்கியும் கதவைத் திறக்காது. இன்னொன்று: நாளைக்குக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டில் உறவினர்களுக்கு முன்னுரிமை கொடுத்துச் செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்றவர்கள் விஷயத்தில் ஓர் ஆண்டுதான் பார்ப்பார்கள். சொந்தக்காரர் என்றால் இரண்டு. அப்போது மச்சான் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். அந்த அவமானத்தைவிட, இன்றே அவரிடம் போய் "பணம் தாமதமாகும், காரணம் இது" என்று சொல்லிவிடலாம்.

பி.எஃப். காத்திருக்காது

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கு ஒரு நாள்கூட உங்கள் பணமாக இருந்ததில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவு, பிடித்தம் செய்த அந்தத் தொகையை உங்களிடம் நம்பி ஒப்படைத்த பணமாகவே கருதுகிறது. கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். வட்டியும் தண்டத் தொகையும் தனி. கம்பெனி கலைக்கப்பட்டாலும் பி.எஃப். பணத்தில் வங்கிகூடக் கை வைக்க முடியாது. சட்டம் அதை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, மகளின் கல்யாணத்துக்கு பி.எஃப். அட்வான்ஸ் கேட்டு விண்ணப்பிக்கும் அன்று பாஸ்புக்கில் இரண்டு மாதம் காலியாக இருப்பது தெரியவரும். மறுநாள் முழு ஃப்ளோருக்கும் தெரிந்துவிடும். உங்களைப் பற்றிய ரகசியம் அந்த வழியாகத்தான் முதலில் வெளியே வரும். அடுத்து கையில் வரும் பணத்தில் சம்பளமும் பி.எஃப்.பும்தான் முதல் செலவு. பையருக்கு சாம்பிள் அனுப்புவதுகூட அதற்குப் பிறகுதான்.

வங்கிக்கு எப்போது போவது

இப்போதே. தவணை தவறிய 31-ஆவது நாளிலேயே உங்கள் கணக்கு எஸ்.எம்.ஏ.-1 என்ற எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போய்விட்டது. 61-ஆவது நாள் எஸ்.எம்.ஏ.-2. 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. உங்களுக்கு இன்னும் 50 நாள் இருக்கிறது. வங்கி மேனேஜரின் ஃபோனை எடுக்காமல் தவிர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் தானாகவே உங்கள் கணக்கை அடையாளம் காட்டிவிட்டது. ஃபோனை எடுக்காததால் அவருக்குத் தெரியாமல் போகவில்லை.

நலிவடையும் சிறு, குறு, நடுத்தர (எம்.எஸ்.எம்.இ.) நிறுவனங்களின் மறுவாழ்வுக்காக 2015 மே 29-இல் மத்திய அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். வங்கியே குழு அமைத்து, தவணையைத் திருத்துவதா, கடனை மறுசீரமைப்பதா, வசூலுக்குப் போவதா என்று பார்க்க வேண்டும். நிறுவனமே முன்வந்தும் விண்ணப்பிக்கலாம். வங்கிகள் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் உங்களுக்கு இன்னும் முக்கியமான பகுதி ஒன்று உண்டு: நாங்கள் எம்.எஸ்.எம்.இ. என்று உரிய ஆவணங்களோடு நிறுவனமும் உரிய நேரத்தில் முன்வந்து சொல்ல வேண்டும். சொத்தை எடுக்கும் நடவடிக்கை முடியும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் இந்த நடைமுறையைக் காட்ட முடியாது. பேசாமல் இருந்ததற்கே இங்கே விலை வைத்திருக்கிறார்கள்.

போகும்போது கெஞ்சப் போவதுபோல் போகாதீர்கள். உத்யம் சான்றிதழ் (எம்.எஸ்.எம்.இ. பதிவுச் சான்று), அடுத்த 13 வாரத்துக்கு வாராவாரம் என்ன வரும், என்ன போகும் என்ற ஒரு தாள், கையிலிருக்கும் ஆர்டர்கள், வர வேண்டிய பாக்கிப் பட்டியல் ஆகியவற்றை எழுத்து விண்ணப்பத்தோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கு முன் போர்டு கூட்டம் கூட்டி, நிலைமையை மினிட்ஸில் உள்ளபடி பதிவு செய்யுங்கள். ஆடிட் நேரத்தில் மொத்தமாக எழுதிக் கையெழுத்துப் போடும் மினிட்ஸைச் சொல்லவில்லை. அந்தந்தத் தேதியில் எழுதியது வேண்டும். கம்பெனி தப்பாது என்று தெரிந்த பிறகும் கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க டைரக்டர் கவனம் எடுத்தாரா என்று திவால் சட்டத்தின் 66-ஆவது பிரிவு கேட்கும். அன்று அந்தப் பக்கங்கள் உங்களுக்காகப் பேசும்.

இதிலும் இழப்பு உண்டு. மறுசீரமைப்பு செய்தால் கணக்கின் தரம் குறையலாம், கடன் வரலாற்றில் பதிவாகும், கூடுதல் ஈடும் கேட்பார்கள். ஈடு வைத்த சொத்தை வங்கியே எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி அப்பாவின் வீட்டை எடுக்க வருவதோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடியது. அந்தக் கட்டம் வந்துவிட்டாலும் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். உங்கள் எழுத்து ஆட்சேபத்துக்கு வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொத்தின் மீது நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்தத் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

மூன்று ரூபாய் வட்டிக் கடன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொகை எழுதாமல் கொடுத்த காசோலை என்பதால் செல்லாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தவறு. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்றே நீதிமன்றம் தொடங்கும். மறுப்பது உங்கள் பொறுப்பு. காசோலை திரும்பி நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள் உண்டு. அந்த 15 நாளைத் தூங்கவிடாதீர்கள். இனி வட்டியை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுங்கள். மிரட்டல் வந்தால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இன்னொரு கண்ணி: டைரக்டர் தன் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது, அது வெளியே கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள்.

வர வேண்டியதும் தர வேண்டியதும்

உள்நாட்டு பிராண்டின் 70 லட்சத்துக்காக ஐந்து மாதம் கெஞ்சியிருக்கிறீர்கள். நீங்கள் தரும் கணக்குப்படி உங்களுடையது சிறு நிறுவனம். எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இத்தகைய பாக்கித் தகராறுகளுக்கான வசதி மன்றத்தில் மனு போடலாம். 2023-24 கணக்காண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதியும் வந்துவிட்டது. பல பெரிய பிராண்டுகளின் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் இந்த வரிக்குத்தான் அசைகிறார்கள். மனு போட்டால் அடுத்த ஆர்டர் போகும் என்ற பயம் உண்மையானது. அதனால் முதலில் இந்த விதிகளைக் குறிப்பிட்டு ஒரு மரியாதையான கடிதம் போதும். ஆனால் அமெரிக்க பையர் மீது இந்தச் சட்டம் உதவாது. அங்கே எல்.சி. (பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடிதம்), முன்பணம், இ.சி.ஜி.சி. என்ற ஏற்றுமதிக் கடன் காப்பீடு ஆகியவைதான் வழி. சரக்கு போய் 90 நாள் கழித்துப் பணம் வரும் ஓபன் அக்கவுன்ட்டில் இனி ஒரு கார்ட்டன்கூட ஏற்றாதீர்கள்.

இதே சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டையிங்காரருக்கும் பிரின்டிங்காரருக்கும் "நாலு மாசமா இழுத்துட்டு இருக்கேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் அதே 45 நாள்தான். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பத்து மெஷின் வைத்து நிட்டிங் ஓட்டுபவரும் தன் கம்பெனிக்கு எம்.டி.தான். அவருக்கும் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும். அவரும் இதேபோல் வீட்டில் சொல்லாமல் விழித்துக்கொண்டிருக்கலாம். எல்லோருக்கும் முழுதாகக் கொடுக்க முடியாது என்பது தெரியும். சின்னவர்களுக்கு முதலில், கொஞ்சமாவது, தேதி சொல்லிக் கொடுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள்.

வீட்டில் சொல்வது

மனைவியிடம் முதலில் சொல்லுங்கள். அவர் டைரக்டர், கியாரண்டி போட்டவர். தெரிந்துகொள்வது அவருடைய சட்டப்படியான உரிமை. முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். பாதி சொல்லி, மீதி அடுத்த மாதம் தெரியவந்தால் அவர் மறுபடி நம்பமாட்டார். அப்பாவிடம் இருவருமாகப் போங்கள். நூல் விலை ஏற்றத்தையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததையும் பார்த்த தலைமுறை அவருடையது. அவருக்கு இதெல்லாம் புரியாது என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். அவரைப் பயமுறுத்தக் கூடாது என்பது பாசம்தான். ஆனால் வீட்டுச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ் மூலம் அவருக்குத் தெரியவருவதைவிட உங்கள் வாயால் தெரியவருவது மேல்.

நீங்கள் விடுமுறை எடுத்தே பல வருடம் ஆகிறது, செக்கிங் டேபிள் வரை தானே போய்ப் பார்ப்பேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு அதை மேனேஜரிடம் விடுங்கள். டைரக்டர் பதவி கொடுப்பதற்குப் பதில் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். உங்கள் நேரம் வங்கிக்கும் பாக்கி வசூலுக்கும் வேண்டும்.

முதல் வேலையாக, வங்கியில் கியாரண்டி பத்திரத்தின் நகலையும் கடைசி சாங்ஷன் லெட்டரையும் கேட்டு வாங்குங்கள். கடன் லிமிட்டைப் புதுப்பித்தபோதெல்லாம் அப்பாவிடம் மறுபடி கையெழுத்து வாங்கினார்களா, எந்தத் தேதியில், எந்தத் தொகைக்கு என்று பார்க்க வேண்டும். அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பது அதைப் பொறுத்தது. அந்த நகல்களோடு உங்கள் ஊரிலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; மனைவியையும் கூட்டிப் போங்கள். நிலத்தை விற்பதா வேண்டாமா என்பதை அங்கே மூவருமாகப் பேசி முடிவெடுக்கலாம்.